பக்கத்தில் நிற்கும் கைகள்

மதுரையிலிருந்து தேனி சாலையில் போனால், காளவாசல், விராட்டிப்பத்து, அச்சம்பத்து தாண்டி நாகமலை புதுக்கோட்டை வரும். ஊருக்குப் பெயர் தந்த மலை பக்கத்திலேயே நீண்டு கிடக்கிறது. வடக்கே வைகைத் தண்ணீர் பாயும் வயலும் தென்னந்தோப்பும். மேற்கே செக்கானூரணி, உசிலம்பட்டி பக்கம் போகப் போக மழையை நம்பிய புஞ்சை. இந்த வெயிலில் ஆயுசு முழுக்க நாற்று நட்டு, களை எடுத்து, கதிர் அறுத்துப் பிழைத்த ஒரு பெண்ணுக்கு அறுபது வயதை ஒட்டிப் பார்வை மங்கத் தொடங்கும். “கண்ணுல புரை விழுந்திருச்சு” என்பார்கள். அரை நூற்றாண்டுக்கு முன் அந்த வார்த்தையோடு அவருடைய கூலி வேலை முடிந்துவிடும். கொல்லைப்புறம் போகக்கூடப் பேரப்பிள்ளை கைபிடிக்க வேண்டும். பெரியாஸ்பத்திரி ஒரு பஸ் தூரத்தில் இருந்தும் பலர் போகவில்லை. கூட்டிக்கொண்டு போகிறவருக்கு அன்றைய கூலி போய்விடும். இரண்டு பேர் பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்கும் யாரிடம் கேட்பது?

இந்தியாவில் அன்று பார்வை இழந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் காரணம் கண்புரைதான். அறுவை செய்தால் திரும்பி வரக்கூடிய பார்வை அது. மத்திய அரசு 1976இல் பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனை பிறந்தது.

அதன் கதையை ‘டாக்டர் வி’ என்று உலகம் அறிந்த கோவிந்தப்ப வேங்கடசாமியின் கதையாகச் சொல்வதே வழக்கம். இந்த அத்தியாயம் அவருடைய தங்கை, கண் அறுவை மருத்துவர் ஜி. நாச்சியாரைப் பற்றியது. ஒரு மருத்துவரின் கைத்திறனைப் பல ஆயிரம் பேருக்குக் கிடைக்கச் செய்வது எப்படி என்ற கேள்விக்கு, பெருமளவில் விடை கண்டவர்களில் அவர் ஒருவர்.

அண்ணனின் விரல்கள்

எட்டயபுரம் பக்கத்து அயன்வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர் வேங்கடசாமி. பிரசவத்தில் உறவுப் பெண்கள் இறந்ததைப் பார்த்து மகப்பேறு மருத்துவராக நினைத்தவர். முடக்குவாதம் அவர் விரல்களை முறுக்கிப் போட்டது. படுக்கையிலிருந்து எழுந்து, கண் மருத்துவம் படித்து, கோணிய விரல்களுக்குப் பொருந்தும்படி கருவிகளை அமைத்துக்கொண்டார். வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். தந்தை இறந்தபின் திருமணம் செய்துகொள்ளாமல் தம்பி தங்கைகளை ஆளாக்கியவரும் அவரே.

அந்தத் தங்கைகளில் இளையவர் நாச்சியார். அண்ணன் வழியில் கண் மருத்துவத்துக்கு வந்து, மூளைக்கும் கண்ணுக்கும் இடையே ஓடும் பார்வை நரம்பின் நோய்களைக் கவனிக்கும் நரம்புக் கண் மருத்துவத்தில் தேர்ச்சி பெற்றார். இந்தியாவில் அத்துறையை வளர்த்தவர்களில் முன்னவர். விழித்திரை மருத்துவர் பெ. நம்பெருமாள்சாமியை மணந்தார். டாக்டர் வி 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று ஆஸ்பத்திரி தொடங்கியபோது, நாச்சியாரும் கணவரும், கணவரின் தங்கை விஜயலட்சுமியும், அவர் கணவர் மு. சீனிவாசனும் அதில் சேர்ந்தார்கள். குடும்ப நகைகள் அடகுக்குப் போயின. வந்தவர்கள் நால்வரும் கண் அறுவை மருத்துவர்கள். ஆனால் சுற்றுவட்டாரத்தில் புரையோடு காத்திருந்தவர்களின் எண்ணிக்கைக்கு எட்டுக் கைகள் எந்த மூலைக்கு?

தாய் வயிற்றில் உருவான புரதம்

அவர்கள் எடுத்து வீச வேண்டியிருந்த பொருள் எது என்று பார்ப்போம். கண் பாவைக்குப் பின்னால், மெல்லிய பைக்குள் இருக்கிறது இயற்கை லென்ஸ். பெரியவர்களுக்குக் குறுக்களவு 9 முதல் 10 மில்லிமீட்டர். தடிமன் 4 மில்லிமீட்டரை ஒட்டி. எடையில் மூன்றில் ஒரு பங்கு புரதம். உடலின் வேறெந்தத் திசுவிலும் இவ்வளவு அடர்த்தியாகப் புரதம் இல்லை. ஒளி தடையில்லாமல் போக வேண்டும் என்பதால் இதில் ரத்தக் குழாய் கிடையாது. லென்ஸின் இழைச் செல்கள் முதிரும்போது தம் உட்கருவையும் மற்ற உறுப்புகளையும் அழித்துக்கொள்கின்றன. பளிங்குத் தெளிவுக்கு அவை கொடுக்கும் விலை இது. உட்கரு போனபின் புதுப் புரதம் செய்ய வழியில்லை. பழுதானதை மாற்றவும் வழியில்லை.

தோலும் ரத்தமும் நாள்தோறும் புதுப்பிக்கப்படுகின்றன. லென்ஸில் எதுவும் உதிர்வதில்லை. பழைய அடுக்கின்மேல் புது அடுக்கு படிந்துகொண்டே போகிறது. ஆகவே நடுமையத்தில் இருக்கும் புரதம், நாம் தாய் வயிற்றில் இருந்தபோது உருவானது. டென்மார்க் ஆய்வாளர்கள் 2008இல் இதை வைத்தே ஒரு கணக்குப் போட்டார்கள். 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 அளவைக் கூட்டின. இறந்தவரின் லென்ஸ் புரதத்தில் அந்தக் கார்பன் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால், அவர் பிறந்த ஆண்டை நெருக்கமாகச் சொல்லிவிட முடிந்தது. 2016இல் கிரீன்லாந்துச் சுறாவின் லென்ஸை அளந்தவர்கள், அந்த மீன் 270 ஆண்டுக்குக் குறையாமல் வாழக்கூடியது என்று கண்டார்கள்.

இந்தப் பழம் புரதங்களின் பெயர் கிரிஸ்டலின். அவற்றில் ஆல்ஃபா வகை ஒரு காவல் வேலை செய்கிறது: மற்றப் புரதம் உருக்குலைந்து கட்டியாகப் போகும்போது பிடித்து நிறுத்துகிறது. அதன் இருப்பு அளவானது. புறஊதாக் கதிர், புகை, சர்க்கரை நோய், ஸ்டீராய்டு மருந்து, எல்லாவற்றுக்கும் மேலாக வயது, இவை சேதத்தைக் கூட்டிக்கொண்டே போக, ஒரு கட்டத்தில் காவல் தோற்கிறது. புரதம் திரள்கிறது, ஒளி சிதறுகிறது. சிலருக்கு வெள்ளையாக, சிலருக்குப் பழுப்பாக, முற்றினால் ஏறக்குறைய கருப்பாகவே லென்ஸ் மாறிவிடும். இதைக் கரைக்கும் சொட்டு மருந்து இன்றுவரை இல்லை. யாராவது விற்றால் நம்ப வேண்டாம். எடுத்துவிட்டு வேறு வைப்பதே வழி.

குத்தித் தள்ளியதிலிருந்து செருகி வைத்ததுவரை

எடுக்கும் முறைக்கு நீண்ட வரலாறு. சுசுருதரின் நூல் சொல்லும் முறையில் ஊசியால் லென்ஸைக் கண்ணுக்குள்ளேயே பின்னால் தள்ளிவிடுவார்கள். வெளிச்சம் வரும்; கண் புண்பட்டுக் கெட்டுப்போகும் ஆபத்தும் கூடவே வரும். பிரான்சின் ழாக் தவியேல் 1747இல் கண்ணைக் கீறி லென்ஸை வெளியே எடுத்துக் காட்டினார். இருபதாம் நூற்றாண்டில் பையோடு சேர்த்து முழு லென்ஸையும் எடுக்கும் முறை பரவியது. அரவிந்த் தொடங்கிய காலத்து முகாம்களில் நடந்ததும் அதுதான். எடுத்த லென்ஸுக்கு ஈடாக +10 பவரை ஒட்டிய தடித்த கண்ணாடி. ஊரில் ‘சோடாபுட்டி’ என்று கேலி செய்வார்களே, அது. பொருள்கள் கால்வாசிக்கு மேல் பெரிதாகத் தெரியும், ஓரம் தெரியாது, படி இறங்கத் தடுமாறும். கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ மறுபடி இருட்டு.

“புரை முத்தட்டும், அப்புறம் ஆபரேஷன்” என்ற பேச்சு வந்ததும் அந்தக் காலத்தில்தான். ஆபரேஷனுக்குப் பின் கிடைக்கும் பார்வையே அரைகுறையாக இருந்ததால், இருக்கிற பார்வை அதைவிட மோசமாகும்வரை காத்திருப்பது அன்று நியாயம்.

அந்த நியாயத்தை உடைத்தவர் லண்டனின் ஹெரால்டு ரிட்லி. போர் விமானங்களின் முகப்புக் கூண்டு உடைந்து, அதன் அக்ரிலிக் சில்லுகள் விமானிகளின் கண்ணில் தங்கியபோதும் கண் அவற்றை எதிர்க்கவில்லை என்பதைக் கவனித்த அவர், 1949 நவம்பர் 29 அன்று புனித தாமஸ் மருத்துவமனையில் அந்தப் பொருளாலான லென்ஸை ஒரு கண்ணுக்குள் வைத்தார். அமெரிக்காவின் சார்லஸ் கெல்மன் 1967இல் மீயொலியால் லென்ஸை உடைத்து உறிஞ்சும் ஃபேக்கோ முறையைக் கொண்டுவந்தார். கீறல் சிறிதானது. ஆனால் இயந்திரம் விலை கூடியது, பராமரிப்பு கூடியது. செயற்கை லென்ஸும் அன்று 100 டாலருக்கு மேல் விற்றது. மதுரைக்கு இந்த விலை கட்டுபடியாகவில்லை.

லென்ஸ் விலைக்கான விடை 1992இல் வந்தது. மதுரையிலேயே லென்ஸ் செய்ய அரவிந்த் குழுவினர் ஆரோலேப் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது. பின்னர் இன்னும் குறைந்தது. இன்று அந்த லென்ஸ் 100க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. இயந்திரத்துக்கான விடை, கையிலேயே இருந்தது.

தையல் வேண்டாத கீறல்

ஃபேக்கோ தரும் நன்மையை அந்த இயந்திரம் இல்லாமலே தர முடியுமா? பல நாடுகளில் பலர் முயன்றார்கள். நேபாளத்தில் சந்துக் ருயித் ஒரு வழி கண்டார். மதுரையில் இந்த முறையைச் செம்மைப்படுத்தி, கற்பிக்கத்தக்க பாடமாக மாற்றியவர்களில் நாச்சியார் முக்கியமானவர். ஃபேக்கோவுக்கு மாற்றாகக் கையாலேயே செய்யும் சிறுகீறல் புரை அறுவை பற்றி அவர் எழுதிய கையேடு 2000இல் அரவிந்த் வெளியீடாக வந்தது.

செய்முறை இதுதான். கண்ணின் வெள்ளைப் பகுதியில் 6 முதல் 7 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கீறல். அதோடு நேராகக் கண்ணுக்குள் இறங்கிவிடக் கூடாது. பிறைவடிவக் கத்தியால் வெள்ளைப்படலத்தின் பாதி ஆழத்திலேயே முன்னோக்கிக் குடைந்து, தெளிந்த கருவிழிவரை போய், அங்கேதான் உள்ளே திறக்க வேண்டும். வெளிவாயைவிட உள்வாய் அகலமாக இருக்கும். பிறகு லென்ஸ் பையின் முன்பக்கத்தைத் திறந்து, திரவம் செலுத்திக் கெட்டியான மையத்தைத் தளர்த்தி, முன்னறைக்குக் கொண்டுவந்து, நீர் பீய்ச்சும் சிறு கரண்டியால் வெளியே எடுக்கிறார்கள். மிச்சத்தைக் கழுவி, காலியான பைக்குள் செயற்கை லென்ஸைச் செருகுகிறார்கள். தையல் போடுவதில்லை. சைக்கிள் டியூபின் வால்வை உள்காற்றே அழுத்தி மூடுவதுபோல, கண்ணின் உள்ளழுத்தமே குடைவின் உள்விளிம்பை அழுத்தி மூடிவிடுகிறது. பழகிய கைக்கு எல்லாம் சேர்ந்து ஐந்தாறு நிமிடம்.

கிராமத்திலிருந்து தாமதமாக வரும் கண்களுக்கு இது இன்னொரு வகையிலும் பொருந்தியது. முற்றிக் கல்லான பழுப்புப் புரையை மீயொலியால் உடைக்க நிறைய ஆற்றல் செலுத்த வேண்டும். கருவிழியின் உட்புறச் செல்களை அது காயப்படுத்தலாம். அந்தச் செல்கள் மனிதருக்கு மறுபடி பெருகுவதில்லை. கையால் முழுசாக எடுத்துவிட்டால் அந்தத் தொல்லை குறைவு. அரவிந்தில் நடந்த ஏறத்தாழ 80 ஆயிரம் அறுவைகளை அலசி 2012இல் வெளியான ஆய்வில், தேர்ந்த மருத்துவர்கள் கையில் இரு முறைகளிலும் சிக்கல்கள் ஏறக்குறைய ஒரே அளவில், நூற்றுக்கு ஒன்றை ஒட்டியே இருந்தன. பயிற்சியில் இருப்பவர்கள் கையில் சிறுகீறல் முறை ஃபேக்கோவைவிடத் தெளிவாகப் பாதுகாப்பாக இருந்தது. முறையின் தரத்தைக் கற்றுக்கொள்கிறவர் கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

சிஸ்டர்கள்

ஆனாலும் ஐந்து நிமிட அறுவைக்கு இருபது நிமிடத் தயாரிப்பு என்றால் ஒரு மணி நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் முடியாது. நாச்சியாரின் வாழ்நாள் வேலை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

அரவிந்தின் அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றதில் அடுத்தவர் படுத்தாயிற்று. கண்ணைச் சுத்தம் செய்து, துணி விரித்து, இமையைத் திறந்து வைத்தாயிற்று. மருத்துவரின் இருபுறமும் ஒவ்வொரு மேசைக்கும் ஒரு சிஸ்டர்; தேவையானதை எடுத்துத் தர இன்னொருவர். மருத்துவரின் கண் மைக்ரோஸ்கோப்பை விட்டு நகர்வதில்லை. பிறைக் கத்தியை விட்ட கை நீள்கிறது. கேட்கும் முன்பே அடுத்த கருவி, பிடிக்க வேண்டிய கோணத்திலேயே, விரலிடையில் வந்து அமர்கிறது. குடைவு முடிந்ததா, பை திறந்ததா என்பதை அந்தச் சிஸ்டரும் தன் மனசுக்குள் பின்தொடர்ந்துகொண்டே இருந்தால்தான் இது நடக்கும். கடைசிக் கருவியை வைத்ததும் மருத்துவர் மைக்ரோஸ்கோப்பின் கையைத் திருப்பி மறு மேசைக்குப் போகிறார். இப்படி மணிக்கு ஆறு, எட்டு அறுவைகள் நடக்கின்றன. அங்குள்ள மருத்துவர் ஒருவர் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 அறுவை செய்கிறார். இது நாட்டின் சராசரியைப்போலப் பல மடங்கு.

அந்தச் சிஸ்டர்கள் யார்? பெரும்பாலும் மதுரையைச் சுற்றிய கிராமங்களிலிருந்து, பிளஸ் டூ முடித்து 17, 18 வயதில் வரும் பெண்கள். மதிப்பெண்ணை மட்டும் பார்த்து எடுப்பதில்லை. குடும்பப் பின்னணி, பொறுமை, முதியவரிடம் பேசும் விதம், எல்லாம் பார்க்கப்படும். பெற்றோரையும் அழைத்துப் பேசுவார்கள். வயசுப் பெண்ணை ஊர்விட்டு அனுப்பத் தயங்கும் வீடுகளுக்கு, ‘எங்கள் பொறுப்பு’ என்று ஒரு பெண் மருத்துவர் முன்நின்று சொல்வதற்குத் தனி எடை உண்டு. தங்குமிடத்தோடும் உதவித்தொகையோடும் இரண்டாண்டுப் பயிற்சி. கண்ணாடி பவர் பார்ப்பது, கண் அழுத்தம் அளப்பது, லென்ஸ் பவர் கணக்கிடுவது, அறுவைக்குத் துணை நிற்பது, நோயாளிக்கும் குடும்பத்துக்கும் எடுத்துச் சொல்வது என்று ஆளுக்கு ஒரு துறை. இந்தப் பயிற்சியைக் கட்டி எழுப்பி, பல பத்தாண்டுகள் நடத்தியவர் நாச்சியார். நிறுவனத்தின் பணியாளர்களில் பாதிக்கும் மேல் இவர்களே.

இதற்குப் பின்னால் உள்ள கருத்து எளியது. கண் மருத்துவத்தில் திரும்பத் திரும்ப வரும் வேலை ஏராளம். தீர்மானம் எடுக்க வேண்டிய தருணங்கள் சில. முதல் வகையை நன்றாகப் பயின்ற கைகளிடம் கொடுத்துவிட்டால், மருத்துவரின் நேரம் முழுவதும் இரண்டாம் வகைக்குக் கிடைக்கும். இந்த முறையை விளக்கி நாச்சியாரும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரை 1994இல் அமெரிக்காவின் முன்னணிக் கண் மருத்துவ இதழில் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே ஹார்வர்டு வணிகப் பள்ளி அரவிந்தைப் பாடமாக எழுதியிருந்தது. உலகம் இதை மேலாண்மைப் பாடமாகப் படித்தது. உள்ளூரில் இதன் பொருள் வேறு: நாகமலை புதுக்கோட்டை போன்ற ஊரிலிருந்து வந்த பெண், அதே மாதிரி ஊரிலிருந்து வந்த பாட்டிக்கு, அவர் பேச்சிலேயே “கண்ண அசைக்காம கீழ பாருங்க பாட்டி” என்று சொல்கிறாள். பாட்டி பயப்படாமல் கேட்கிறார்.

மகனும் கருவிழியும்

அந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறையில் பலர் கண் மருத்துவத்துக்கே வந்தார்கள். நாச்சியார், நம்பெருமாள்சாமியின் மகன் வெங்கடேஷ் பிரஜ்னா கருவிழி நிபுணர். தாய் லென்ஸோடு போராடியது போல மகன் போராடியது பூஞ்சையோடு. நெல் தாளோ, உமியோ, மாட்டு வாலோ கண்ணில் பட்டுக் கருவிழி கீறும்போது மண்ணில் கிடக்கும் பூஞ்சை உள்ளே போய்ப் புண்ணாகிறது. விவசாயிகள் நிறைந்த நம் பக்கத்தில் இது அன்றாடம் வரும் நோய். நாடாமைசின் என்ற பழைய மருந்தா, வோரிகோனசோல் என்ற புதிய மருந்தா, எது மேல்? புதியதன்மேல் பலருக்கும் நம்பிக்கை இருந்தது. அரவிந்தும் சான் பிரான்சிஸ்கோவின் பிராக்டர் நிறுவனமும் சேர்ந்து நடத்திய சோதனையின் முடிவு 2013இல் வந்தது. கட்டுரையின் முதல் ஆசிரியர் பிரஜ்னா. வென்றது பழைய மருந்து. ஃபியூசேரியம் வகைப் பூஞ்சையில் வித்தியாசம் மிகத் தெளிவாக இருந்தது. வளர்ந்த நாடுகளில் அரிதான இந்த நோய்க்கு, நோயாளிகள் இருக்கும் இடத்திலேயே விடை தேட வேண்டியிருந்தது.

அறுவைத் திறன் பிறப்பில் வருவதில்லை. மருத்துவர் வீட்டுப் பிள்ளையும் ஆரம்பத்திலிருந்தே கற்க வேண்டும். கூலி வேலை செய்பவர் வீட்டுப் பெண்ணும் அப்படியே. நாச்சியார் நடத்திய பயிற்சி இந்த உண்மையின்மேல் நின்றது. 2024இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. அவருடைய சாதனையை அவர் செய்த அறுவைகளின் எண்ணிக்கையால் அளப்பது போதாது. ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் நடக்கும் ஒரு நிறுவனத்தில், அவர் உருவாக்கிய பயிற்சியில் தேர்ந்த கைகள் ஒவ்வொரு மேசையின் பக்கத்திலும் நிற்கின்றன. அளக்க வேண்டியது அதைத்தான்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு வேலை மீதமிருக்கிறது. அதை எந்தச் சிஸ்டரும் செய்ய முடியாது. உங்கள் வீட்டுப் பெரியவர் “வயசாச்சு, கண்ணு அப்படித்தான் இருக்கும்” என்றால் விட்டுவிடாதீர்கள். புரை முற்றும்வரை காத்திருக்கும் காலம் முடிந்துவிட்டது. முற்றவிட்டால் அறுவை கடினமாகும். சர்க்கரை இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். வயல் வேலையில் கண்ணில் ஏதாவது குத்தினால், எண்ணெயோ தாய்ப்பாலோ, கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தோ விடாமல், அன்றைக்கே கண் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அடுத்த நாள் கூலியை யோசித்துத் தள்ளிப்போட்டால் கண்ணே போய்விடும்.